கை அடிபட்டபின் வேலைக்குத் திரும்ப நான்கு வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

பிரஸ் ஷாப்பில் (இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டும் பட்டறையில்) விரல் போய், தையல் பிரித்து, கட்டும் சின்னதாகிவிட்ட ஆறாவது ஏழாவது வாரத்தில்தான் குழப்பம் தொடங்கும். கம்பெனி ஹெச்.ஆர். "வந்து சும்மா உட்காருங்க, லைட் டூட்டி போட்டுத் தர்றோம்" என்பார். வீட்டில் "முழுசா ஆறட்டும், இஎஸ்ஐ பணம்தான் வருதே" என்பார்கள். கூட வேலை பார்த்தவர் "சீக்கிரம் போனா ஊன பெர்சன்டேஜ் குறைச்சிடுவாங்க" என்று பயமுறுத்துவார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் அப்படியே நம்பி முடிவெடுத்தால் நஷ்டம்தான்.

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை போன்ற இடங்களில் மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்கி, இஎஸ்ஐ பிடித்தம் உள்ள தொழிலாளிக்காக இந்த ஒப்பீடு. கை விபத்தையே உதாரணமாக எடுத்திருக்கிறோம். முதுகு, கால் அடிபட்டவர்களுக்கும் பணக்கணக்கு இதேதான், மருத்துவக் காலக்கெடுக்கள் மட்டும் மாறும். 1948-ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருப்பதால், பிரிவு எண்களை எழுதிக் குழப்பவில்லை.

நான்கு வழிகளுக்கும் அடியில் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. இஎஸ்ஐ-க்குத் தெரிந்தது இரண்டே நிலை: வேலைக்குத் தகுதி இல்லை, வேலைக்குத் தகுதி உண்டு. பாதித் தகுதி என்று ஒன்று அங்கே கிடையாது. நான்கு மணி நேரம் வேலை செய்து அரைச் சம்பளம் வாங்கினாலும், அந்த நாளுக்கான தற்காலிக ஊன உதவித்தொகை முழுதாக நின்றுவிடும். ஆகவே உங்கள் முடிவு என்பது நடைமுறையில் ஒரு தேதி: டாக்டர் கொடுக்கும் இறுதிச் சான்றிதழில், அதாவது ஃபிட் சர்டிபிகேட்டில், எந்தத் தேதி இருக்க வேண்டும் என்பதுதான்.

மலேசியாவில் பெர்கெசோ நிறுவனம் 2007 முதல் காயமுற்றவரை வேலைக்குத் திருப்பும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்து மருத்துவமனையையும் முதலாளியையும் இணைப்பார். இங்கே டிஸ்பென்சரி டாக்டர், பிசியோ, கிளை அலுவலகம், ஹெச்.ஆர். நாலு பேரும் நாலு மூலை. நடுவில் ஓடுவது அடிபட்டவர்தான். அதனால்தான் கீழே காகித வேலைக்கு இத்தனை இடம் கொடுத்திருக்கிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

கையின் நிலை. காயம் மூடியிருக்கிறதா என்பது முதல் கேள்வி மட்டுமே. பிடிப்பு வலு, தொடு உணர்வு, வெட்டுப்பட்ட நுனியின் கூச்சம், சாப்பிடும் மாத்திரை எல்லாம் சேர்ந்ததுதான் நிலை. நரம்பு வலிக்குத் தரும் கேபாபென்டின், ப்ரீகாபலின் மாத்திரைகள் பலருக்குத் தூக்கமும் தலைச்சுற்றலும் கொடுக்கும். அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு பிரஸ் முன்னால் நிற்கக் கூடாது.

மாதாமாதம் கைக்கு வரும் பணம். சம்பளம், ஓ.டி., ஷிப்ட் அலவன்ஸ், பி.எஃப். எல்லாம் சேர்த்து.

ஊன விகிதமும், அதை வைத்து வாழ்நாள் முழுதும் வரும் ஆயுள் உதவித்தொகையும். இந்த முடிவு அதைப் பாதிக்குமா?

மறுபடி அடிபடும் வாய்ப்பு. பழைய மெஷினுக்கே போனால் என்ன ஆகும்?

திரும்பி வர வழி. எடுத்த முடிவு சரிப்படாவிட்டால் பின்வாங்க முடியுமா?

எந்த வழிக்கும் முன்நிபந்தனை ஒன்று உண்டு. விபத்து நடந்ததற்குக் காகிதம் இருக்க வேண்டும். கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் பதிவு, கிளை அலுவலகத்துக்கு முதலாளி அனுப்பும் விபத்து அறிக்கை (படிவம் 12), இஎஸ்ஐ டாக்டரின் முதல் சான்றிதழ் ஆகிய மூன்றும் வேண்டும். "பக்கத்து நர்சிங் ஹோமில் நாங்களே பார்த்துக்கிறோம், இஎஸ்ஐ எல்லாம் வேண்டாம்" என்று கம்பெனி சொன்னால், அந்தப் பரிவின் விலை பிறகுதான் தெரியும். எட்டு மாதம் கழித்து மெடிக்கல் போர்டு (ஊன விகிதம் சொல்லும் மருத்துவக் குழு) கேட்கும்போது அந்த விபத்தே நடக்கவில்லை என்பதுபோல் ஆகிவிடும். கம்பெனி அறிக்கை அனுப்பவில்லை என்றால் தேதி, நேரம், மெஷின், பார்த்தவர்கள் பெயர் எழுதி நீங்களே கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

## வழி 1: முழுதாக ஆறும்வரை சான்றிதழ் விடுப்பு, பிறகு பழைய வேலை

பணக்கணக்கில் இது பலர் நினைப்பதைவிட நல்ல வழி. தற்காலிக ஊன உதவித்தொகை சராசரி தினச் சம்பளத்தின் 90 சதவீதம். வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டாலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு. தகுதியில்லை என்று டாக்டர் சான்றிதழ் தந்துகொண்டிருக்கும்வரை உண்டு.

மாதம் ரூ.15,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். தினச் சம்பளம் சுமார் ரூ.500, உதவித்தொகை ரூ.450, முப்பது நாளுக்கு ரூ.13,500. வேலைக்குப் போயிருந்தால் முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். ரூ.1,800, இஎஸ்ஐ ரூ.113 பிடித்தது போக கைக்கு வருவது ரூ.13,087. வீட்டில் இருப்பவர் கைக்குக் கொஞ்சம் கூடவே வருகிறது. "எதுக்கு அவசரப்படணும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள் இனி. இரண்டு பங்கும் சேர்த்து மாதம் ரூ.3,600 பி.எஃப். கணக்கில் ஏறாமல் போகிறது. சம்பளத்தின் ஒரு பகுதியை வவுச்சரில் கொடுத்து, இஎஸ்ஐ கணக்கில் ரூ.9,000 மட்டும் காட்டும் கம்பெனி என்றால், உங்களுக்குத் தினம் 450-க்குப் பதில் ரூ.270தான். அந்த ரூ.9,000 ஆயுள் உதவித்தொகையையும் இதே அளவில் குறைத்துவிடும். விபத்துக்கு முன்னமே சம்பளச் சீட்டையும் இஎஸ்ஐ தளத்தில் காட்டிய சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். விபத்து வேலையில் நடந்ததுதான் என்று கிளை அலுவலகம் ஏற்றுக்கொள்ளும்வரை முதல் தொகை தாமதமாகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

போனஸுக்கும் கிராஜுவிட்டிக்கும் பயப்பட வேண்டியதில்லை. வேலை விபத்தால் வராத நாட்களை இரண்டிலும் வேலை நாளாகவே எண்ண வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் கையில். வீட்டில் இருக்கிறேன் என்று துணியில் சுற்றி, கழுத்தில் தொங்கவிட்டு மூன்று மாதம் வைத்திருந்தால் அடிபடாத விரல்களும் மடங்காமல் போகும். நடு விரல் போனவருக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் இறுகிப்போவது இப்படித்தான். விடுப்பு என்றால் சிகிச்சைக் காலம் என்று பொருள்: ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் விரல் மடக்கி நீட்டும் பயிற்சி, வீக்கம் வடிய நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி நீவுதல், வெட்டுப்பட்ட நுனியின் கூச்சம் போக முதலில் பஞ்சு, பிறகு துண்டு, பிறகு ஒரு டப்பா அரிசிக்குள் கையைவிட்டு அளைதல், கடைசியில் ஆற்று மணல். அரிசி டப்பாவில் இரண்டு நிமிடம்கூடக் கையை வைத்திருக்க முடியாதவரால் எண்ணெய் ஒட்டிய இரும்புப் பிளாங்க்கை (பிரஸ்ஸில் வைக்கும் தகட்டுத் துண்டை) எட்டு மணி நேரம் எடுத்து வைக்க முடியாது. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

பெர்சன்டேஜுக்காகப் பிசியோதெரபியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து சதவீதம் கூடினால் கிடைப்பது, மேலே சொன்ன சம்பளத்துக்கு, தினம் ரூ.22.50. மாதம் ரூ.675. அதற்கு விலையாகக் கொடுப்பது சட்டை பட்டன் போட முடியாத ஒரு கை.

இந்த வழி யாருக்கு: தசைநாண் தைக்கப்பட்டவர்கள், இன்னொரு அறுவைச் சிகிச்சை பாக்கி இருப்பவர்கள், எலும்பில் கம்பி இருப்பவர்கள், மயக்கம் தரும் மாத்திரையில் இருப்பவர்கள், லைட் டூட்டியை எழுத்தில் தராத கம்பெனியில் இருப்பவர்கள். உள்ளங்கைப் பக்கத் தசைநாண் தைத்தால் பொதுவாக ஆறு வாரம் ஸ்பிளின்ட், பத்து முதல் பன்னிரண்டு வாரம்வரை கனமாகப் பிடிக்கக் கூடாது. ஏழாவது வாரம் ஒரு டிரேயைத் தூக்கினால் தையல் அறுந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

## வழி 2: சீக்கிரமே திரும்பி லைட் டூட்டி

மருத்துவக் கோணத்தில் பெரும்பாலான விரல் விபத்துகளுக்கு இதுவே சிறந்தது என்பது எங்கள் கருத்து. கை வேலை செய்து பழகினால்தான் கை வேலைக்குத் தயாராகும். ஆனால் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் அதிகம் கெட்டுப்போகும் வழியும் இதுதான்.

முதல் சிக்கல் மேலே சொன்ன பாதித் தகுதி. கம்பெனி அரை நாள் வேலைக்கு அரைச் சம்பளம் தருகிறேன் என்றால் ரூ.450 போய் ரூ.250 வருகிறது. ஆகவே லைட் டூட்டி என்றால் முழு நாள் சம்பளம் என்பது நிபந்தனையாக இருக்க வேண்டும். வேலை நேரத்தைக் குறைப்பது கம்பெனியின் பொறுப்பு. முதலாளிக்கு இது நஷ்டமா? இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் குறைவான உற்பத்தி. பதிலுக்கு மெஷின் தெரிந்த ஆள் கையைவிட்டுப் போகாமல் இருக்கிறார்.

இரண்டாவது சிக்கல் இரட்டைக் கணக்கு. "சான்றிதழ் ஓடட்டும், நீங்க வந்து உட்காருங்க, கையில் கொஞ்சம் பணம் தர்றோம்" என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. உதவித்தொகை வாங்கும் நாளில் வேலை செய்வது பொய்க் கோரிக்கை; தண்டனைக்குரிய குற்றம். அந்த நாளில் அங்கே மறுபடி அடிபட்டால், ஏட்டின்படி நீங்கள் வீட்டில் படுத்திருப்பவர்.

மூன்றாவது, லைட் டூட்டி என்ற பெயரில் என்ன வேலை என்பது. ஷாப் ஃப்ளோரைக் கூட்டச் சொல்வது கைக்கு நல்லதல்ல. துடைப்பத்தை இறுக்கிப் பிடிப்பதும் டிரம் உருட்டுவதும் ஒருவகையில் பிரஸ்ஸைவிடக் கடினம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புவது நல்ல யோசனையாகத் தெரியும், பாதி நல்லது. அளவுக் கருவிகள் உள்ள ஸ்டாண்டர்ட் ரூமை 20 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். விரல் வெட்டுப்பட்டவர்களில் பலருக்குக் குளிர் பட்டால் நுனி நீலம் பாரித்து, சுள்ளென்று வலிக்கும்; முதல் ஓரிரு வருடம் இது அதிகமாகவே இருக்கும். அதே இன்ஸ்பெக்‌ஷனை ஏ.சி. இல்லாத லைன் முடிவில், ஸ்னாப் கேஜ் (அளவு சரிபார்க்கும் கைக்கருவி) வைத்துச் செய்யலாம். ஸ்டோரில் கார்டு எழுதுவது, டூல் ரூமில் டை (பிரஸ் அச்சு) வரவு செலவுப் பதிவு, எண்ணிப் பாக்கெட் போடுவது எல்லாம் பொருந்தும்.

கையுறை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இல்லாத விரலுக்குரிய கையுறை விரல் காலியாகத் தொங்கும். அதை வெட்டித் தைத்துவிட வேண்டும். டிரில், லேத் போன்ற சுழலும் மெஷின் பக்கம் எந்தக் கையுறையும் கூடாது.

கையில் தையல் ஆறி, தசைநாண் சேதமில்லாத, ஒன்று அல்லது இரண்டு விரல் நுனி போனவருக்கு ஒரு மாதிரித் திட்டம் இப்படி இருக்கலாம். எடையைப் பிசியோ பார்த்து மாற்றுவார்.

- முதல் இரண்டு வாரம்: பகல் ஷிப்ட் மட்டும். நான்கு மணி நேரம் வேலை, மீதி நேரம் பயிற்சியும் ஓய்வும். அடிபட்ட கையால் அரை கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது. எண்ணெய், கூலன்ட் படக் கூடாது.
- மூன்றாவது, நான்காவது வாரம்: ஆறு மணி நேரம், இரண்டு கிலோவரை. மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் கைக்கு இடைவேளை.
- ஐந்தாவது, ஆறாவது வாரம்: முழு ஷிப்ட், ஐந்து கிலோவரை, ஓ.டி. கிடையாது. இந்தக் கட்டத்தில் பழைய மெஷினில் உற்பத்திக் கணக்கில்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம்.
- ஆறாவது வார முடிவில்: பிடிப்பு வலுவை அளந்து நல்ல கையோடு ஒப்பிட்டு, பழைய வேலையா வேறு வேலையா என்ற முடிவு.

இரவு வலித்து மறுநாள் காலை வீக்கம் இறங்காவிட்டால் முந்தின கட்டத்துக்குப் போக வேண்டும். இந்தத் திட்டத்தை எழுதும் தாளில் வேலையின் பெயர், நேரம், எடை, சம்பளம், முடியும் தேதி எழுதி மேனேஜர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஒரு நகல் ஷிப்ட் சூப்பர்வைசரிடம் போக வேண்டும். ஹெச்.ஆர். ஒப்புக்கொண்ட திட்டம் சூப்பர்வைசருக்குத் தெரியாமல் இருப்பதுதான் வழக்கமான கோளாறு. இரண்டாவது ஷிப்டில் ஆள் வரவில்லை, "இன்னைக்கு மட்டும்" என்று லைனில் நிறுத்துவார்கள்.

இந்த வழி யாருக்கு: காயம் மூடியவர்கள், கம்பெனி முழுச் சம்பளத்தை எழுதித் தரக்கூடியவர்கள், உட்கார்ந்து செய்யும் உண்மையான வேலை உள்ள கம்பெனிகள். ஐம்பது பேருக்கும் குறைவான சின்ன பிரஸ் ஷாப்பில் அப்படிப்பட்ட வேலை பல நேரம் இருக்காது. அங்கே லைட் டூட்டி என்பது வெறும் பேச்சு.

## வழி 3: அதே கம்பெனியில் நிரந்தரமாக வேறு வேலை

பவர் பிரஸ்ஸை இரு கை பட்டனால் ஓட்டுவது எதற்கு? இரண்டு உள்ளங்கையும் பட்டனில் இருந்தால்தான் ராம் (மேலிருந்து வந்து அடிக்கும் பகுதி) இறங்கும், அப்போது கை டைக்குள் இருக்காது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் போனவராலும் உள்ளங்கையால் பட்டனை அழுத்த முடியும். சிக்கல் பிளாங்க்கை வைத்து எடுப்பதில். கட்டைவிரலும் மோதிர விரலும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு மூன்று விநாடி கூடும். டார்கெட் எட்டாது. எட்டாதபோது ஒரு பட்டனில் ஆப்பு வைத்து ஒரு கையால் ஓட்டும் பழக்கம் வரும். அடுத்த கையும் போவது அப்போதுதான். மெதுவாக ஓட்டலாம் என்று டார்கெட்டைக் குறைத்துத் தராத கம்பெனியில் பழைய மெஷினுக்குத் திரும்புவது ஆபத்து.

வேறு வேலைக்கு மாறினால் ஆயுள் ஊன உதவித்தொகை நிற்குமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. நிற்காது. தற்காலிக உதவித்தொகைதான் வேலை செய்யும் நாளில் நிற்கும். நிரந்தர ஊன உதவித்தொகை, சம்பளம் வாங்கினாலும் வாழ்நாள் முழுதும் வரும். சம்பளம் உயர்ந்து இஎஸ்ஐ வரம்பைத் தாண்டிப் போனாலும் வரும். விலைவாசிக்கேற்ப அவ்வப்போது அதைக் கூட்டியும் தருகிறார்கள். வாழ்நாள் சான்று கொடுக்க மறந்தால் மட்டும் நிற்கும்.

சட்டத்தின் அட்டவணையில் வெட்டுப்பட்ட உறுப்புகளுக்கான விகிதம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுதும் 14 சதவீதம், நடு விரல் 12, மோதிர விரல் அல்லது சுண்டு விரல் 7, ஒரே கையில் இரண்டு விரல் 20, மூன்று விரல் 30, கட்டைவிரல் 30, நான்கு விரல் 50. ரூ.500 தினச் சம்பளக்காரருக்குக் கட்டைவிரல் போனால் 450-இல் 30 சதவீதம், தினம் ரூ.135, மாதம் சுமார் ரூ.4,050. நீங்கள் ஆறு வாரத்தில் வேலைக்குப் போனீர்களா ஆறு மாதத்திலா என்பது இந்த எண்ணை மாற்றாது. எலும்பு முறிவு, மூட்டு இறுக்கம், நரம்புச் சேதம்போல் அட்டவணையில் இல்லாத காயங்களுக்குத்தான் போர்டு கையைப் பார்த்து விகிதம் சொல்லும். அங்கேயும் அவர்கள் பார்ப்பது எக்ஸ்ரே, மடங்கும் கோணம், பிடிப்பு, உணர்வு. இன்னொன்று: இந்த உதவித்தொகை தற்காலிகத் தொகை முடிந்த மறுநாளிலிருந்து கணக்கு. இறுதிச் சான்றிதழ் தள்ளிப்போனால் போர்டும் தள்ளிப்போகும்.

இந்த வழியின் மறைந்த செலவு சம்பள அமைப்பில் இருக்கிறது. ஆபரேட்டருக்கு அடிப்படைச் சம்பளத்தோடு இன்சென்டிவ், நைட் ஷிப்ட் அலவன்ஸ், ஓ.டி. சேரும். ஸ்டோருக்கு மாறினால் அடிப்படை அப்படியே இருக்கும், மற்ற மூன்றும் போய்விடும். "சம்பளம் குறையாது" என்று வாயால் சொன்னதை நம்பி மாறியவர்கள் முதல் மாதச் சீட்டைப் பார்த்துத்தான் விழிப்பார்கள். கடைசி ஆறு மாதச் சராசரியைக் காட்டி, அதில் எவ்வளவு காக்கப்படும் என்று கேட்டு, சங்கம் இருந்தால் ஒப்பந்தமாகவும், இல்லாவிட்டால் பணி மாற்ற ஆணையிலும் எழுதி வாங்குங்கள். கிரேடு, சீனியாரிட்டி தொடரும் என்ற வரியும் அதில் வேண்டும்.

அரசுப் போக்குவரத்துக் கழகம், மின்வாரியம்போல் அரசு நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பொருத்தமான வேறு பணி இல்லாவிட்டால் உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. தனியார் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சான்றிதழ் விடுப்பில் இருப்பவரை நீக்குவதை 1948 சட்டம் வெளிப்படையாகத் தடுத்தது. ஆனால் அந்தக் காப்பு விடுப்பு முடியும்வரைதான். அதனால், வேறு வேலை பற்றிய பேச்சைச் சான்றிதழ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கி முடிக்க வேண்டும். கையில் ஃபிட் சர்டிபிகேட்டோடு கேட்டில் நின்று பேசினால் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. காண்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு இது இரட்டிப்பு உண்மை.

## வழி 4: தொழிற்பயிற்சி, வெளி வேலை, சொந்தத் தொழில்

காகிதத்தில் அழகாக இருக்கும் வழி. வேலை விபத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமும் 45 வயதுக்கு மிகாமலும் இருந்தால், பயிற்சிக்காலம் முழுதும் இஎஸ்ஐ பயிற்சிக் கட்டணத்தையோ நாளொன்றுக்கு ரூ.123-ஐயோ, எது அதிகமோ அதைத் தருகிறது. சென்னையில் கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. பழைய ஆட்கள் வி.ஆர்.சி. என்பார்கள்.

மேலே உள்ள அட்டவணையை இப்போது மறுபடி பாருங்கள். இரண்டு விரல் 20. மூன்று விரல் 30. கட்டைவிரல் 30. பிரஸ் ஷாப் விபத்துகளில் பெரும்பாலானவை 40-ஐத் தொடுவதே இல்லை. நான்கு விரல், அல்லது கட்டைவிரலோடு அதன் உள்ளங்கை எலும்பும் போனால்தான் தொடும். ஆக இந்த உதவி கையே போனவர்களுக்கானது. மற்றவர்கள் இதை நம்பி வேலையை விடக் கூடாது.

இங்கே இன்னொரு குழப்பம். இஎஸ்ஐ போர்டு சொல்வது சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக அரசு மருத்துவக் குழு சொல்வது உடல் ஊனத்தின் சதவீதம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல், எண்ணும் வேறுவேறாக வரும். ஒன்றில் 30 என்பதால் மற்றதிலும் 30 என்று எண்ண வேண்டாம். தனியாக விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பல உதவிகளுக்கு அந்த அட்டைதான் சாவி.

சொந்தத் தொழிலுக்கு முதல் வேண்டும் என்று ஆயுள் உதவித்தொகையை மொத்தமாக வாங்கிவிடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். தினத்தொகை மிகச் சிறியதாக இருந்தால் மட்டுமே அப்படி மாற்றித் தருவார்கள். மாதம் நாலாயிரம் வருபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. இல்லாமல் இருப்பதும் நல்லதுதான். டீக்கடை மூடினாலும் அந்த நாலாயிரம் வரும்.

ஊனத்தால் வேலையை விட நேர்ந்தவர் ஆண்டுக்கு ரூ.120 கட்டினால், ஓய்வு வயதுவரை தனக்கும் துணைக்கும் இஎஸ்ஐ மருத்துவம் தொடரும். இதைக் கேட்காமலே விட்டு, பிறகு மருந்துக்குக் கைக்காசு செலவழிப்பவர்கள் நிறைய. ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டால் இந்தச் சலுகை கேட்கும்போது இடிக்கும். விபத்தால் வந்த ஊனம் காரணமாக என்று எழுதுங்கள்.

இந்த வழி யாருக்கு: கை அல்லது மணிக்கட்டுவரை இழந்த, 45 வயதுக்குட்பட்டவர்கள், கம்பெனியே மூடிவிட்டவர்கள், ஏற்கெனவே வேறு கைத்தொழில் தெரிந்தவர்கள்.

## ஒரே பார்வையில்

| | சான்றிதழ் விடுப்பு | லைட் டூட்டி | நிரந்தர வேறு வேலை | பயிற்சி, வெளி வேலை |
|---|---|---|---|---|
| கைக்கு வரும் பணம் | சம்பளத்தில் 90% | எழுத்தில் இருந்தால் முழுச் சம்பளம் | அடிப்படை மிஞ்சும், ஓ.டி., இன்சென்டிவ் போகலாம் | ஆயுள் உதவித்தொகையும் பயிற்சித் தொகையும் |
| கைக்கு நல்லதா | பயிற்சி செய்தால் மட்டும் | ஆம், வேலை சரியாக இருந்தால் | ஆம் | வேலையைப் பொறுத்தது |
| ஊன விகிதத்தில் பாதிப்பு | இல்லை | இல்லை | இல்லை | இல்லை |
| மறைந்த செலவு | பி.எஃப். நிற்கும், விரல் இறுகும் | சூப்பர்வைசர் மீறுவார், அரைச் சம்பளப் பொறி | கிரேடு, அலவன்ஸ் | வேலைப் பாதுகாப்பு முழுதும் போகும் |
| பின்வாங்க முடியுமா | எளிது | முடியும், மறு சான்றிதழ் வேண்டும் | கடினம் | முடியாது |

## சம்பளம் ரூ.21,000-க்கு மேல் என்றால்

சூப்பர்வைசர், செட்டர் (மெஷினில் டை பொருத்துபவர்) போன்ற பலர் இஎஸ்ஐ-க்கு வெளியே இருப்பார்கள். அவர்களுக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து வந்த முறை. தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கொரு முறை மாதச் சம்பளத்தின் 25 சதவீதம். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது ரூ.15,000 மட்டும். ஆக மாதம் ரூ.7,500. முப்பதாயிரம் வாங்கியவர் இதில் மூன்று மாதம் ஓட்ட முடியாது, ஆகவே அவருக்கு வழி 2 ஏறக்குறைய கட்டாயம். நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் தொகை கிடையாது, மொத்தத் தொகைதான். 30 வயதில் கட்டைவிரல் போனால் 15,000-இல் 60 சதவீதம் ரூ.9,000, அதை வயதுக் காரணி 207.98-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம்: ரூ.5,61,546. சிகிச்சைச் செலவு தனி, அதையும் முதலாளியே தர வேண்டும். இஎஸ்ஐ உள்ளவர் "எனக்கு அந்த மொத்தத் தொகை போதும்" என்று தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே விபத்துக்கு இரண்டும் கிடையாது.

## தேதியை எப்படிக் குறிப்பது

எங்கள் வரிசை இது: காயம் மூடி, கூச்சம் அடங்கும்வரை வழி 1, அப்போது எழுத்துத் திட்டத்தோடு வழி 2, அதன் ஆறாவது வாரத்தில் பிடிப்பை அளந்து பழைய மெஷின் அல்லது வழி 3. வழி 4-ஐ முதல் மூன்றும் அடைபட்ட பிறகே எண்ணலாம்.

டாக்டரிடம் போகும்போது "ஃபிட் குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். லைட் டூட்டித் தாளின் நகலைக் கையில் கொடுத்து, என்ன வேலைக்குப் போகிறேன் என்று காட்டுங்கள். பார்த்ததை ஓ.பி. சீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் கை சிகிச்சைக்கு வசதி இல்லாவிட்டால் மேல் மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்கலாம். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு உண்டு, கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் உண்டு.

வேலைக்குப் போய் இரண்டாவது வாரத்தில் நுனி வெடித்து மறுபடி சீழ் பிடித்தால் அது புது நோய் அல்ல, பழைய விபத்தின் தொடர்ச்சி. டாக்டர் அதைச் சாதாரண நோய் விடுப்பாக எழுதிவிட்டால் 90 சதவீதத்துக்குப் பதில் 70 சதவீதம்தான் கிடைக்கும், அதுவும் இஎஸ்ஐ சந்தா பிடிக்கப்பட்ட நாட்கள் போதுமான அளவு இருந்தால். பழைய விபத்துத் தேதியைச் சொல்லி, சான்றிதழில் வேலை விபத்தின் தொடர்ச்சி என்று எழுதியிருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்குள் படித்துப் பாருங்கள். பிறகு திருத்தி வாங்க இரண்டு மூன்று நடை ஆகும்.